‘எப்போதும் இருந்ததாகவே கருதப்படும்’: பிரிட்டனின் 58ஆம் பிரிவும் ஒப்பந்தப் பணியாளர்களும்

2008 மார்ச் 12 அன்று பிரிட்டன் நிதியமைச்சர் அலிஸ்டர் டார்லிங் தம் முதல் பட்ஜெட்டைத் தாக்கல் செய்தார். அதனுடன் வெளியான விளக்கக் குறிப்புகளில் 66ஆம் எண் குறிப்பு செய்தித்தாள்களில் பெரிதாக இடம்பெறவில்லை. ஆனால் பிரிட்டனுக்கு அருகே, தனக்கெனத் தனி வரிச் சட்டம் கொண்ட மேன் தீவு வழியாகத் தங்கள் வருமானத்தைப் பெற்றுவந்த ஒப்பந்தப் பணியாளர்களுக்கு, ஏழு ஆண்டுகளாக வரி இல்லை என்று நம்பியிருந்த வருமானத்துக்கு அன்றே வரி வந்துவிட்டது. ‘பிஎன்66’ என்று அவர்கள் நடுவே பெயர்பெற்ற அந்தக் குறிப்பு, அவ்வாண்டின் நிதிச் சட்டத்தில் 58ஆம் பிரிவாயிற்று. அச்சட்டத்தை எதிர்த்து நடந்த வழக்கு 2015 வரை நீண்டது. அதையும், அவ்வளவு காலமும் தீராமல் தொங்கிய வரித் தொகையை மக்கள் எப்படிச் சமாளித்தார்கள், எப்படிச் சமாளித்திருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

இங்கே ஒப்பந்தப் பணியாளர் என்பவர் வங்கி, தொலைத்தொடர்பு, எண்ணெய் நிறுவனங்களில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கும் ஐடி நிபுணர் அல்லது பொறியாளர். சம்பளக்காரரும் அல்லர், முழுமையான தொழில்முனைவோரும் அல்லர். 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ‘ஐஆர்35’ விதிகள், சொந்தமாகச் சிறு கம்பெனி வைத்து அதன் வழியே வேலை பார்த்தவர்களில் பலரை ஊழியர்களைப் போலவே வரி கட்ட வேண்டிய நிலைக்குத் தள்ளின. ஊழியருக்குரிய விடுப்பும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை, வரி மட்டும் ஊழியருக்குரியது என்ற எரிச்சல் பரவியிருந்த அந்த வேளையில்தான் மேன் தீவுத் திட்டத்தை விற்பவர்கள் கதவைத் தட்டினார்கள். திட்டம் எடுபட்டதற்குப் பேராசையை மட்டும் காரணம் சொல்வது பாதி உண்மைதான்.

திட்டத்தின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வசிக்கும் பணியாளர் மேன் தீவில் ஒரு டிரஸ்ட் அமைப்பார். அதன் வருமானம் முழுவதையும் பெறும் பயனாளி அவரே. அந்த டிரஸ்டின் பொறுப்பாளர்கள், மேன் தீவைச் சேர்ந்த ஒரு கூட்டாண்மை நிறுவனத்தில் பங்காளிகளாக இருப்பார்கள். பணியாளரின் உழைப்பை லண்டன் வாடிக்கையாளருக்கு விற்பது அந்த நிறுவனம். பணியாளருக்கு அது நேரடியாகத் தருவது சிறு தொகை; மீதி லாபமாகச் சேர்ந்து, பங்காளிகளான பொறுப்பாளர்கள் கைக்குப் போய், டிரஸ்ட் வழியாகப் பணியாளரிடமே வந்து சேரும். பிரிட்டனுக்கும் மேன் தீவுக்கும் இடையே 1955இல் ஏற்பட்ட இரட்டை வரித் தவிர்ப்பு ஏற்பாட்டின்படி, மேன் தீவு நிறுவனம் ஒன்றுக்குப் பிரிட்டனில் நிலையான தொழிலிடம் இல்லையென்றால் அதன் தொழில் லாபத்துக்குப் பிரிட்டன் வரி விதிக்க முடியாது. அந்த லாபம் எந்த வடிவில் பணியாளரின் கைக்கு வந்தாலும் அதே விலக்கு தொடரும் என்பதுதான் திட்டத்தின் வாதம்.

இப்படி ஒரு வழி உண்டு என்று காட்டியது இதற்கு முந்தைய ஒரு வழக்கு. பாட்மோர் என்ற காப்புரிமை முகவர், ஜெர்சித் தீவில் பதிவான கூட்டாண்மை நிறுவனம் ஒன்றில் பங்காளியாக இருந்தார். பிரிட்டனில் வசித்தபோதும், ஜெர்சியோடு பிரிட்டனுக்கு இருந்த இதே வகை ஏற்பாட்டின்படி தன் பங்கு லாபத்துக்கு வரி இல்லை என்று வாதாடி உயர் நீதிமன்றத்தில் வென்றார். நாடாளுமன்றம் சும்மா இருக்கவில்லை. 1987இன் இரண்டாம் நிதிச் சட்டத்தில் 62ஆம் பிரிவைச் சேர்த்து, பிரிட்டனில் வசிக்கும் பங்காளிக்கு இந்த விலக்கு கிடையாது என்று முன்தேதியிட்டே அறிவித்தது. ஏற்கெனவே தீர்ப்புப் பெற்றவர்கள்மீது மட்டும் கை வைக்கவில்லை. மேன் தீவுத் திட்டத்தின் சூட்சுமம் இந்த 62ஆம் பிரிவைச் சுற்றிப் போவதில் இருந்தது. சட்டம் ‘பங்காளி’ என்றது. பணியாளரோ பங்காளி அல்லர், பங்காளியான டிரஸ்டின் பயனாளி மட்டுமே. ஒரு சொல்லின் எல்லைக்கு வெளியே நின்று வரியைத் தவிர்க்கும் ஏற்பாடு இது. நாடாளுமன்றம் எதைத் தடுக்க நினைத்தது என்பது திட்டத்தை வடிவமைத்தவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அந்த அறிவே பின்னர் நீதிமன்றத்தில் பணியாளர்களுக்கு எதிராகத் திரும்பியது.

2008இன் 58ஆம் பிரிவு செய்தது சொற்பமான திருத்தம்தான். கூட்டாண்மை நிறுவனத்தின் உறுப்பினர் என்பதில், அதன் வருமானத்தில் பங்கு பெற உரிமையுள்ள எவரும் அடங்குவர் என்று சேர்த்தது. அதோடு, இத்திருத்தம் எப்போதும் நடைமுறையில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும் என்றும் சொல்லி, 1987 சட்டம் வரை பின்னே போனது. இவ்வகை விலக்கு பட்ஜெட் நாளிலிருந்து எடுபடாமல் செய்யும் 59ஆம் பிரிவும் அதே சட்டத்தில் இருந்ததைக் கவனிக்க வேண்டும். வருங்காலத்தை மூட 59ஆம் பிரிவே போதும். 58ஆம் பிரிவின் வேலை முழுக்க முழுக்கக் கடந்த காலத்தில் இருந்தது.

பணியாளர்களின் குறை இங்கேதான் உண்மையான கனம் பெறுகிறது. அவர்கள் எதையும் மறைக்கவில்லை. வரிப் படிவத்தில் ஏற்பாட்டைக் குறிப்பிட்டார்கள். வரி–சுங்கத் துறையான எச்எம்ஆர்சி, படிவங்களின் மீது விசாரணை திறந்து கடிதம் எழுதியது. திட்டம் செல்லாது என்பது தன் கருத்து என்றும் சொன்னது. ஆனால் ஆண்டுக்காண்டு விசாரணையைத் திறந்ததே ஒழிய, ஒரே ஒரு வழக்கையாவது, விசாரணை முடிந்தது என்று சொல்லும் முடிவு அறிவிப்புக் கொடுத்துத் தீர்ப்பாயத்துக்கு நகர்த்தவில்லை. பழைய சட்டப்படியே திட்டம் செல்லாது என்று துறை உறுதியாக நம்பியிருந்தால், அதை 2004இலோ 2005இலோ நீதிபதிமுன் சோதித்திருக்கலாம். சோதிக்காமல் காத்திருந்து, பிறகு நாடாளுமன்றத்திடம் போய்ச் சட்டத்தையே மாற்றிக்கொண்டது, தோற்பது போலிருக்கும் ஆட்டத்தில் விதியை மாற்றுவதைப் போன்றது என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முன்தேதியிட்ட வரிக்கு எதிராக அவர்கள் ஓர் இயக்கமாகத் திரண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கடைசியில் ராபர்ட் ஹுயிட்சன் என்ற பணியாளரின் பெயரில் நீதிமுறை மறுஆய்வு மனு, அதாவது அரசின் செயல் சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைப் பார்க்கக் கோரும் மனு, தாக்கலாயிற்று. 2001 முதல் திட்டத்தில் இருந்த அவருடைய வழக்கு, ஆயிரக்கணக்கானோருக்கு முன்மாதிரி வழக்காக நின்றது.

எந்தச் சட்டத்தை வைத்து வழக்காடுவது என்பதிலேயே முதல் சிக்கல் இருந்தது. பிரிட்டனில் எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. நாடாளுமன்றத்தின் சட்டத்தை நீதிமன்றம் செல்லாததாக்க முடியாது. நமக்குப் பழகிய இந்திய அரசியலமைப்பின் 20(1)ஆம் பிரிவும் குற்றவியல் சட்டத்துக்குத்தான் முன்தேதித் தடை விதிக்கிறது. ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையின் 7ஆம் பிரிவும் அப்படியே. வரிக்கு அந்தத் தடை பொருந்தாது. எஞ்சியது, அந்த உடன்படிக்கையின் முதல் கூடுதல் நெறிமுறையின் 1ஆம் பிரிவு. அதாவது, ஒருவர் தன் உடைமையை அமைதியாக அனுபவிக்கும் உரிமை. அரசு அதில் தலையிடலாம். ஆனால் பொதுநலனுக்கும் தனிமனிதருக்கும் இடையே நியாயமான சமநிலை காக்கப்பட வேண்டும். மனுவின் முழுப் பாரமும் அந்தச் சமநிலை என்ற ஒரே முளையில் தொங்கியது.

உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கென்னத் பார்க்கர் 2010 ஜனவரி 28 அன்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011 ஜூலையில் அதையே உறுதிப்படுத்தியது. தர்க்கத்தின் மையம் இதுதான். இரட்டை வரித் தவிர்ப்பு ஏற்பாட்டின் நோக்கம் ஒரே வருமானத்துக்கு இரண்டு இடத்தில் வரி விழாமல் காப்பது. இரண்டு இடத்திலும் வரி விழாமல் செய்வது அன்று. பிரிட்டனில் வசித்து, பிரிட்டனில் உழைத்துச் சம்பாதித்தவர் அங்கே வரி கட்டுவதுதான் இயல்பு. 1987இல் இதே வகை முயற்சிக்கு எதிராக நாடாளுமன்றம் முன்தேதியிட்டே செயல்பட்டது பதிவில் இருக்கிறது. எனவே இத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு, இன்னொரு முறை அப்படி நடக்கலாம் என்ற எச்சரிக்கை இல்லை என்று சொல்ல முடியாது. துறை எக்காலத்திலும் திட்டத்தை ஏற்றுக்கொள்ளவில்லை. விசாரணையைத் தாமதித்தது, ஏற்றுக்கொண்டதாக ஆகாது.

1978இல் பீட்டர் ரீஸ் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் முன்வைத்த, பின்னர் ‘ரீஸ் விதிகள்’ என்று பெயர்பெற்ற அளவுகோலையும் மனுதாரர் தரப்பு காட்டியது. முன்தேதியிட்டுச் சட்டம் இயற்றுவதானால் முதலில் துல்லியமான எச்சரிக்கை தர வேண்டும், சட்டமும் தாமதமின்றி வர வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அளவுகோலில் 58ஆம் பிரிவு தேறாது என்பது கண்கூடு. ஆனாலும் அது நாடாளுமன்ற மரபே ஒழிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் அன்று என்று ஒதுக்கப்பட்டது. மேல்முறையீட்டு அளவில் இன்னொரு மனுதாரர் தரப்பு, மூலதனத்தின் சுதந்திர இயக்கம் என்ற ஐரோப்பிய ஒன்றியச் சட்டக் கோணத்திலும் முயன்றது, அதுவும் எடுபடவில்லை. 2012இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. கடைசிப் புகலிடமான ஸ்ட்ராஸ்பர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், 2015 ஜனவரி 13 அன்று மனுவை விசாரணைக்கே ஏற்க முடியாதது என்று தள்ளியது. 1997இல் மூன்று பெரிய வீட்டுக்கடன் சங்கங்கள் இதே போன்ற முன்தேதிச் சட்டத்தை எதிர்த்து அங்கே தோற்றிருந்தன என்பதை நினைத்தால், முடிவு எதிர்பாராதது அன்று.

தீர்ப்பின் விளைவு எனக்கு ஏற்புடையதே. ஆனால் துறையின் தாமதத்தை நீதிமன்றங்கள் இவ்வளவு எளிதாகக் கடந்து போனது ஏற்புடையதாக இல்லை. 2003இலேயே ஒரு வழக்கு தீர்ப்பாயத்தை எட்டியிருந்தால், அதன்பின் சேர்ந்தவர்கள் சேர்ந்திருக்கவே மாட்டார்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களின் பாக்கியும் சிறிதாகவே இருந்திருக்கும். அரசும் ஏதோ உணர்ந்திருக்கலாம்: 2011இல் வெளியிட்ட நெறிமுறையில், அறிவிப்புக்கு முந்தைய தேதியிலிருந்து வரிச் சட்டத்தை மாற்றுவது முற்றிலும் விதிவிலக்கான சூழலில் மட்டுமே என்று உறுதியளித்தது. அடுத்த ஆண்டே, 2012 பிப்ரவரியில், ஒரு பெரிய வங்கியின் ஏற்பாட்டுக்கு எதிராக முன்தேதியிட்ட நடவடிக்கையை அறிவித்தது.

இந்தியாவில் இதே காலத்தில் நடந்ததை ஒப்பிட்டால் வித்தியாசம் புலப்படும். 2012 ஜனவரியில் தொலைத்தொடர்பு நிறுவனமான வோடஃபோன், வரி வழக்கு ஒன்றில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வென்றது. அவ்வாண்டின் நிதிச் சட்டம் 1962 வரை பின்னே போய் அந்த வெற்றியை முறியடித்தது. ஆனால் அந்தக் கம்பெனிக்கும், இதே சட்டத்தில் சிக்கிய கெய்ர்ன் எண்ணெய் நிறுவனத்துக்கும் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தங்கள் கைகொடுத்தன. 2020இல் நடுவர் மன்றங்கள் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2021இல் அந்த முன்தேதி ஏற்பாட்டை இந்தியா கைவிட்டது. லண்டனில் தினக்கூலிக் கணக்கில் புரோகிராம் எழுதியவருக்கு, தன் சொந்த நாட்டுக்கு எதிராக எந்த ஒப்பந்தத்தின் நிழலும் இல்லை.

வழக்கு நடந்த காலத்தில் பணியாளர்களின் வீட்டில் நடந்தது தீர்ப்புகளில் இல்லை. வரித் துறையின் பழுப்பு உறை வரும் வீட்டில் விவாதம் சட்டத்தைப் பற்றி அல்ல, பணத்தைப் பற்றியே. அங்கேதான் பலர் சறுக்கினார்கள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை தொகையை வசூலிக்காமல் நிறுத்திவைக்கக் கோரலாம் என்பது உண்மை. ஆனால் நிறுத்திவைக்கப்படுவது வசூல் மட்டுமே, வட்டி அன்று. அது அந்தந்த ஆண்டின் வரி கெடு நாளான ஜனவரி 31இலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். கற்பனையாக ஒரு கணக்குப் போட்டால், ஆண்டுக்கு 12,000 பவுண்டு வீதம் ஐந்து ஆண்டு வரி தகராறில் இருந்தால் பாக்கி 60,000 பவுண்டு. 2008 தொடக்கத்தில் தாமத வட்டி 7.5 சதவீதம், 2009 செப்டம்பர் இறுதியிலிருந்து அது 3 சதவீதம். அந்தக் குறைந்த விகிதத்திலேயே, 2009 இலையுதிர்காலம் முதல் ஸ்ட்ராஸ்பர்க் முடிவு வரை மட்டும் சேரும் வட்டி சுமார் 9,500 பவுண்டு. அதற்கு முன் ஓடியது தனி. வழக்கு தந்தது கால அவகாசம். அந்த அவகாசத்துக்கு விலை இருந்தது.

அந்த வட்டியை நிறுத்த ஒரு நேர்மையான கருவி அன்று இருந்தது: வரி வைப்புச் சான்றிதழ். தகராறுத் தொகையைத் துறையிடமே வைப்பாகக் கட்டிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். தோற்றால், அந்த வைப்புத் தேதியிலிருந்து தாமத வட்டி இல்லை. வென்றால் பணம் திரும்பும். நடுவில் அவசரம் என்றாலும் எடுத்துக்கொள்ளலாம். 2009க்குப் பிறகு சான்றிதழுக்கு வட்டி கிட்டத்தட்ட எதுவும் இல்லை என்றாலும், வங்கி வைப்பும் அந்நாளில் அதிகம் தரவில்லை. சிறிது சிறிதாகவும் வாங்கலாம். இதை வாங்கினால் தவறை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து தவிர்த்தவர்கள் உண்டு. அந்தப் பயத்துக்குச் சட்ட அடிப்படை எதுவும் இல்லை. 2017 நவம்பர் 23 முதல் புதிய சான்றிதழ் விற்பனை நின்றுவிட்டது. இன்று தகராறில் இருப்பவர், கணக்கில் முன்பணமாகத் துறைக்கே செலுத்தி வட்டியை நிறுத்தலாம்; எந்த ஆண்டு, எந்த விசாரணைக்குரியது என்பதை எழுத்தில் குறிப்பிட்டுச் செலுத்துவது அவசியம்.

மறுபக்கம், சொத்தைக் கை மாற்றி வைக்கும் யோசனையும் பலருக்கு வந்தது. வீட்டை மனைவி பெயருக்கு எழுதிவைத்துவிட்டால் துறை தொட முடியாது என்பது பரவலாகப் பேசப்பட்ட உத்தி. ஆனால் 1986 திவால் சட்டத்தின்படி, திவால் மனுவுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் மதிப்புக்குக் குறைந்த விலையில் செய்த மாற்றத்தை நீதிமன்றம் ரத்துசெய்ய முடியும். கடன் கொடுத்தவர்களோடு தவணைச் சமரசம் செய்துகொண்டு திவாலைத் தவிர்க்கும் தனிநபர் ஏற்பாட்டிலும் ஒரு முடிச்சு உண்டு: வாக்களிக்கும் கடன்காரர்களில், கடன் மதிப்பில் 75 சதவீதம் உடையவர்கள் சம்மதிக்க வேண்டும். தகராறு வரியே பெரும் கடனாக இருக்கும் வீட்டில் அந்த 75 சதவீதம் எச்எம்ஆர்சி ஒன்றின் கையிலேயே இருக்கும். ஆக, சமரசம் அதன் தயவே.

2014இன் நிதிச் சட்டம் அவகாசத்தையே பறித்தது. தகராறு முடியும்வரை பணம் வரி கொடுப்பவர் கையில் என்ற நிலை மாறி, அறிவிக்கப்பட்ட தவிர்ப்புத் திட்டங்களில் இருந்தவர்களுக்கு ‘முன்கூட்டிச் செலுத்தும் அறிவிப்பு’ வரத் தொடங்கியது. 90 நாளில் முழுத் தொகையும் கட்ட வேண்டும். தவறினால் உடனே 5 சதவீத அபராதம், ஐந்தாம் மாதம் இன்னொரு 5, பதினோராம் மாதம் இன்னொரு 5. மேல்முறையீடு இல்லை, ஆட்சேபத்தைத் துறையிடமே எழுதலாம். இதை எதிர்த்த நீதிமுறை மறுஆய்வு மனுக்களும் தோற்றன. ஹுயிட்சன் காலத்தில் சேமிக்க ஏழு ஆண்டு கிடைத்தது. இப்போது மூன்று மாதம்.

58ஆம் பிரிவின் அனுபவத்திலிருந்து அரசு சட்ட வடிவமைப்பிலும் பாடம் கற்றது என்று சொல்வேன். மேன் தீவு வழி அடைபட்டபின், சம்பளத்தைக் கடன் என்ற பெயரில் தரும் திட்டங்களுக்குப் பலர் போனார்கள். அவற்றுக்கு எதிராக 2017இல் சட்டமான ‘லோன் சார்ஜ்’, எப்போதும் இருந்ததாகக் கருதப்படும் என்று எங்கும் சொல்லவில்லை. 2019 ஏப்ரல் 5 அன்று தீராமல் இருந்த கடன் நிலுவைக்கு அந்த நாளில் வரி என்றது. தேதி வருங்காலத்தில், கடன்களோ 1999 வரை பின்னே. மனித உரிமைக் கோணத்தில் இதையும் எதிர்த்த மனுவை உயர் நீதிமன்றம் 2020இல் தள்ளியது. ஆனால் நீதிமன்றம் தராததை அரசியல் ஓரளவு தந்தது. அரசு நியமித்த ஏமியஸ் மோர்ஸின் மறுஆய்வுக்குப் பிறகு, 2010 டிசம்பர் 9க்கு முந்தைய கடன்கள் நீக்கப்பட்டன; நிலுவையை மூன்று வரி ஆண்டுகளுக்குப் பரப்பிக்கொள்ள அனுமதி வந்தது; ஆண்டு வருமானம் 50,000 பவுண்டுக்குக் குறைவானவருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு, 30,000 பவுண்டுக்குக் குறைவானவருக்குக் குறைந்தது ஏழு ஆண்டு தவணை என்று துறை ஒப்புக்கொண்டது. 2025இல் ரே மெக்கேன் தலைமையில் இன்னொரு மறுஆய்வும் நடந்தது.

இன்று இப்படியொரு தகராறில் சிக்கியவர் வழக்கறிஞரைத் தேடுமுன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தெந்த ஆண்டுக்கு விசாரணைக் கடிதம் உரிய காலத்துக்குள் வந்தது, எந்த ஆண்டுக்கு வரவே இல்லை என்று உறைகளைப் பிரித்து அடுக்க வேண்டும். படிவம் தாக்கல் செய்து பன்னிரண்டு மாதத்துக்குள் திறக்காத விசாரணையைத் துறை சாதாரண வழியில் பிறகு திறக்க முடியாது; பழைய ஆண்டைத் தொட வேண்டுமென்றால், புதிதாகக் கண்டறிந்ததாகச் சொல்லும் மதிப்பீட்டு அதிகாரத்தையே நாட வேண்டும், அதற்குக் கடுமையான நிபந்தனைகளும் கால வரம்பும் உண்டு. சட்டத்தையே வீழ்த்தப் பார்த்த ஹுயிட்சன் வழக்கு ஒரு பவுண்டைக்கூட மிச்சப்படுத்தவில்லை. விசாரணை திறக்கப்படாமல் விடுபட்ட ஒரே ஓர் ஆண்டு, மேலே போட்ட கணக்கில், 12,000 பவுண்டும் அதன் வட்டியும்.